கண்ணாடி சாயம் பூசுகிறதா?

வெள்ளை வெளிச்சத்துக்குள் ஏழு வர்ணங்கள் அடங்கியிருக்கின்றன என்பது பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரிந்த சமாசாரம். எனக்கும் அந்த வயதில் தெரிந்திருந்தது. பிறகு கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில், இருட்டறையில் ஸ்பெக்ட்ராமீட்டருக்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, முப்பட்டைக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, கிடைத்த கோணங்களை ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். வர வேண்டிய விடை வராதபோது பக்கத்துப் பையனுடைய நோட்டைப் பார்த்து என் கணக்கைச் சரிப்படுத்தி, ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடைசிக் காரியத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாத ஒருவரைப் பற்றிப் பின்னால் சொல்லப் போகிறேன்.

நியூட்டன் ஒரு நாள் கண்ணாடியை வெயிலில் பிடித்தார், வர்ணங்கள் வந்தன, உலகம் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நியூட்டனுடைய கடிதங்களை ஏழு பெரிய தொகுதிகளாக 1959-லிருந்து 1977 வரை அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றில் முதல் இரண்டு தொகுதிகளைப் புரட்டிய பிறகுதான், நான் நினைத்தது எவ்வளவு தவறு என்று தெரிந்தது. ஆறு வருஷம் சண்டை நடந்திருக்கிறது. கோபம், கிண்டல், ராஜினாமா மிரட்டல், ஒருவர் மரணம் எல்லாம் அதில் உண்டு. முழு விவரமும் புத்தகமாக வெளிவர மொத்தம் 32 வருஷம் ஆயிற்று.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். முப்பட்டைக் கண்ணாடியில் வர்ணம் தெரியும் என்பதை நியூட்டன் கண்டுபிடிக்கவில்லை. அது ஐரோப்பாவில் எல்லாருக்கும் பழகிப்போன வேடிக்கை. அதற்கும் 300 வருஷத்துக்கு மேல் முன்பே, 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் பாரிஸி என்பவரும் ஜெர்மனியில் தியோடோரிக் என்ற துறவியும் ஒருவரை ஒருவர் அறியாமலே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மழைத்துளியாகப் பாவித்து வானவில்லை ஆராய்ந்திருக்கிறார்கள். 1637-ல் பிரெஞ்சு ஞானி டேக்கார்ட், 1664-ல் ராபர்ட் பாயில், 1665-ல் ராபர்ட் ஹூக் எல்லாரும் வர்ணங்களைப் பற்றி எழுதினார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது. வெள்ளை வெளிச்சம் பரிசுத்தமானது, கலப்பற்றது. வர்ணம் என்பது அதன்மேல் வெளியிலிருந்து ஏறும் மாசு. கொஞ்சம் இருட்டு கலந்தால் சிவப்பு, நிறைய இருட்டு கலந்தால் நீலம் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த பேச்சு. அவரவர் அதைத் தம் காலத்துப் பாஷையில் திருத்திச் சொன்னார்கள். ஆகக் கண்ணாடி என்பது ஒரு சாயத்தொட்டி. வெள்ளை உள்ளே போகிறது. சாயம் ஏறி வெளியே வருகிறது. யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் மூடத்தனமான எண்ணம் அல்ல. வெள்ளை வேட்டியில் சாயம் ஏறுவதை நாம் பார்த்திருக்கிறோம். சாயங்களை எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் வெள்ளை வேட்டி கிடைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இந்த நம்பிக்கையை உடைத்தவருக்கு அப்போது 23 வயது. லிங்கன்ஷயரில் உல்ஸ்தோர்ப் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் இவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். மூன்று வயதில் தாயார் வேறொருவரை மணந்துகொண்டு போனதால் பாட்டியிடம் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் மற்ற மாணவர்களுக்குப் பணிவிடை செய்து படிக்கும் பிரிவில் 1661-ல் சேர்ந்தார். 1665-ல் பிளேக் வந்தது, கல்லூரியைச் சாத்தினார்கள், இவர் கிராமத்துக்குத் திரும்பினார். முப்பட்டைக் கண்ணாடியைச் சந்தையில் வாங்கினார் என்று பிற்காலத்தில் ஒரு கதை வழங்கியது. பிளேக் வருஷங்களில் அந்தச் சந்தை கூடவே இல்லை என்பதால் வருஷக் கணக்கு உதைக்கிறது. 1666-ன் தொடக்கத்தில் வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். எங்கே வாங்கினால் என்ன? வாங்கியதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மொட்டை ஊசி ஒன்றைத் தம் கண்விழிக்கும் எலும்புக்கும் நடுவே செருகி, விழியின் பின்புறத்தை அழுத்தி, என்னென்ன வர்ண வட்டங்கள் தெரிகின்றன என்று நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிறார். இன்னொரு சமயம் நிலைக்கண்ணாடியில் சூரியனை உற்றுப் பார்த்து, பார்வை கெட்டு, சில நாட்கள் இருட்டறையில் அடைந்து கிடந்தார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கூசியது. ஒரு கேள்வி பிடித்துக்கொண்டால் தம் உடம்பைக்கூட ஒரு கருவியாகவே நினைக்கிற சுபாவம் அது. அப்படிப்பட்டவர் பிறருடைய ஆட்சேபங்களைப் பொறுமையாகக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் கால் அங்குல அகலமுள்ள வட்டத் துவாரம் போட்டார். உள்ளே வந்த வெயிலைக் கண்ணாடியின் வழியாக விட்டு, 22 அடி தள்ளியிருந்த சுவரில் விழச் செய்தார். இந்த 22 அடியில்தான் சூட்சுமம் இருக்கிறது. டேக்கார்ட் கண்ணாடிக்கு மிக அருகில் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். ஹூக் வைத்த தூரம் இரண்டடி போல. அவ்வளவு அருகில் பார்த்தால் நடுவே வெள்ளையும் ஓரங்களில் மட்டும் வர்ணமும் தெரியும். ஓரத்தில் ஏதோ கறை பட்டிருக்கிறது என்றுதான் தோன்றும். வர்ணங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நடப்பதற்கு இடம் கொடுத்தவர் நியூட்டன்.

சுவரில் விழுந்த வர்ணங்களைப் பார்த்து முதலில் அவரும் எல்லாரையும் போல ரசித்தார். பிறகு அதன் வடிவம் உறுத்தியது. சூரியன் வட்டம், துவாரம் வட்டம். ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது எவ்வளவு திரும்புகிறதோ வெளியே வரும்போதும் அவ்வளவே திரும்பும்படி கண்ணாடியை வைத்திருந்தார். அப்படி வைத்தால் அந்தக் காலத்து முறிவு விதிப்படி சுவரிலும் வட்டம்தான் விழ வேண்டும். விழுந்ததோ நீண்ட பட்டை. அளந்தார். அகலம் 2⅝ அங்குலம். சூரியனின் வட்டத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் கணக்குப் போட்டால் இது சரியாக இருந்தது. நீளம் 13¼ அங்குலம். அகலத்தைப்போல் ஐந்து பங்கு! வர்ணத்தை அனைவரும் பார்த்திருந்தார்கள். அடிக்கோலை எடுத்து நீளத்தை அளந்து, இது ஏன் இவ்வளவு நீளம் என்று கவலைப்பட்டவர் இவர்தான்.

கண்ணாடியின் கனம் காரணமா? வேறு வேறு இடத்தில் ஒளியை விட்டுப் பார்த்தார். துவாரத்தின் அளவா? மாற்றிப் பார்த்தார். கண்ணாடியில் ஏதாவது குறையா? இன்னொரு கண்ணாடியைத் தலைகீழாகப் பக்கத்தில் வைத்தார். வர்ணம் மறைந்து பழையபடி வட்டம் வந்துவிட்டது. குறையாக இருந்தால் இரண்டு கண்ணாடியில் இரட்டிப்பாகியிருக்க வேண்டுமே! மட்டையால் சாய்வாக அடித்த டென்னிஸ் பந்து காற்றில் வளைந்து போவதைப்போல் ஒளியும் வளைந்து போகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டு, அதையும் அளந்து, இல்லை என்று தள்ளினார்.

கடைசியில் வழக்கைத் தீர்த்துவைத்த சோதனை வந்தது. முதல் கண்ணாடிக்கு அருகில் துவாரமுள்ள ஒரு பலகை. அதிலிருந்து 12 அடி தள்ளி, துவாரமுள்ள இன்னொரு பலகை. அதற்குப் பின்னால் இரண்டாவது முப்பட்டைக் கண்ணாடி. முதல் கண்ணாடியை மெள்ளத் திருப்பினால் ஒவ்வொரு வர்ணமாக இரண்டாவது துவாரத்தில் நுழையும். சிவப்பை மட்டும் விட்டார். இரண்டாவது கண்ணாடியும் அதை வளைத்தது. ஆனால் அது சிவப்பாகவே வெளியே வந்தது. நீலத்தை விட்டார். நீலம் நீலமாகவே வந்தது; ஆனால் சிவப்பைக் காட்டிலும் அதிகமாக வளைந்தது. கண்ணாடி சாயத்தொட்டி என்றால், இரண்டாவது தொட்டியில் முக்கியபோது சாயம் ஏன் மாறவில்லை? ஒவ்வொரு வர்ணத்துக்கும் தன் தன் வளைவு பிறவியிலேயே உண்டு. கண்ணாடி செய்வதெல்லாம் கூட்டத்தைப் பிரித்து நிறுத்துவதுதான். பிரிந்துபோன வர்ணங்களை ஒரு லென்ஸால் மறுபடி ஒன்றுகூட்டியபோது சுத்த வெள்ளை வந்தது. வெள்ளைதான் கலவை. வர்ணங்கள்தான் கலப்பற்றவை.

சாஸ்திரத்தில் தலைகீழ் மாற்றம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். பூமி சுற்றுகிறது என்பதைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. இதையோ, ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனாலேயே சண்டையும் சுலபமாக வந்தது.

நியூட்டன் இதை வெளியே சொல்லவில்லை. 1669-ல், 26 வயதில், கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர் ஆனார். ஹென்றி லூக்காஸ் என்ற கனவான் ஏற்படுத்தி வைத்த பதவி அது. இந்த லூக்காஸுக்கும், பின்னால் வரப்போகும் இன்னொரு லூக்காஸுக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய பெயரை வெளியே கொண்டுவந்தது ஒரு தொலைநோக்கி. லென்ஸ் வைத்த தொலைநோக்கிகளில் நட்சத்திரத்தைச் சுற்றி வர்ண விளிம்பு தெரியும். லென்ஸும் ஒளியை வளைக்கிற கண்ணாடிதானே. வர்ணங்களைப் பிரிக்காமல் எப்படி வளைக்கும்? ஆகவே லென்ஸைத் திருத்தவே முடியாது என்று நியூட்டன் முடிவுகட்டி, அதற்குப் பதிலாக உலோகத்தை உருக்கிக் குழிவான ஆடி வார்த்து, அதைத் தாமே மெருகேற்றி, ஆறு அங்குல நீளத்தில் ஒரு தொலைநோக்கி செய்தார். கையடக்கமான அந்தக் கருவி ஏறக்குறைய 40 மடங்கு பெரிதாகக் காட்டியது. 1671-ன் கடைசியில் அது லண்டன் ராயல் சொசைட்டிக்கு வந்தது. ராஜா சார்லஸ் பார்த்தார். 1672 ஜனவரியில் நியூட்டன் அங்கத்தினர் ஆனார்.

அந்தச் சந்தோஷத்தில் மனுஷன் வாயைத் திறந்துவிட்டார். சொசைட்டியின் காரியதரிசி ஹென்றி ஓல்டன்பர்க்குக்கு, இயற்கையின் காரியங்களில் இதுவரை கண்டவற்றுள் மிக விசித்திரமான ஒன்றைக் கண்டிருக்கிறேன் என்று எழுதினார். 1672 பிப்ரவரி 6-ந் தேதி விவரமான கடிதம் போயிற்று. எட்டாந்தேதி சபையில் வாசித்தார்கள். அந்த மாதமே அச்சில் வந்தது.

ஒரே வாரத்தில் ஹூக்கின் கண்டனம் வந்துவிட்டது. ஹூக் சாமான்யர் அல்ல. சபையில் சோதனைகளை நடத்திக் காட்டும் பொறுப்பு அவருடையது. உருப்பெருக்கியில் கண்ட ஈயையும் பேனையும் படம் வரைந்து வெளியிட்டுப் புகழ் பெற்றவர். வர்ணங்களைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு கொள்கை இருந்தது. சோதனைகள் எல்லாம் சரிதான், நானே பார்த்திருக்கிறேன், ஆனால் அதிலிருந்து நீர் சொல்லும் முடிவு வராது என்றார். அவர் சொன்ன உவமை அழகானது: ஆர்கன் வாத்தியத்தின் துருத்தியிலிருக்கும் காற்றுக்குள்ளே எல்லா ஸ்வரங்களும் முன்கூட்டியே அடைந்திருக்கின்றனவா? குழாய் வழியாக வரும்போதல்லவா காற்று ஸ்வரமாகிறது? வெள்ளை வெளிச்சத்துக்குள் வர்ணங்கள் இருப்பதும் அப்படித்தான். நம் ஊர் ஆர்மோனியத்தை வைத்து யோசித்துப் பாருங்கள். சட்டென்று பதில் சொல்ல வராது.

(இதில் ஒரு வேடிக்கை. 1880-களில் பிரான்ஸில் கூயியும் இங்கிலாந்தில் ராலேயும் இதே கேள்வியை மறுபடி எடுத்தார்கள். வெள்ளை ஒளியை ஒழுங்கற்ற துடிப்புகளின் வரிசை என்றும் சொல்லலாம், பல வர்ண அலைகளின் கூட்டம் என்றும் சொல்லலாம். கணக்கில் இரண்டும் ஒன்றே என்று கண்டார்கள். ஹூக்கின் கொள்கை பிழைக்கவில்லை. ஆனால் அவருடைய துருத்தியை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.)

நியூட்டன் நான்கு மாதம் உட்கார்ந்து பதில் எழுதினார். ஹூக்கின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குத்துகிற பதில். பாரிஸிலிருந்து பார்டிஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் சந்தேகம் கேட்டார். விளக்கம் கிடைத்ததும் மரியாதையாக ஒப்புக்கொண்டார். ஹாலந்துக்காரரான ஹைகன்ஸ், மஞ்சளும் நீலமும் ஆகிய இரண்டே போதுமே, வெள்ளைக்கு இத்தனை வர்ணம் எதற்கு என்றார். ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டியிருந்தது. 1673 மார்ச்சில், லண்டன் தூரமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, அங்கத்தினர் பதவியிலிருந்தே விலகிக்கொள்ளப் பார்த்தார். ஓல்டன்பர்க் பாவம், சந்தா கட்ட வேண்டாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார். சந்தாப் பணமா இங்கே தகராறு?

அடுத்து, இன்றைய பெல்ஜியத்திலுள்ள லீயெஜ் என்ற ஊரிலிருந்து ஒரு கிழவர் கிளம்பினார். ஆங்கில ஏசு சபையைச் சேர்ந்த பிரான்ஸிஸ் லைன், லத்தீனில் லைனஸ். அரசர் சார்லஸுக்காக 1669-ல் வொயிட்ஹால் தோட்டத்தில் அடுக்கடுக்காக ஒரு பெரிய சூரியக் கடிகாரம் அமைத்துக் கொடுத்தவர். 1675-ல் ஒரு பிரபுவும் நண்பர்களும் குடிபோதையில் அதை உடைத்துத் தள்ளியது தனிக் கதை. 1674-ல், ஏறக்குறைய 80 வயதில், லைன் எழுதினார்: நானும் பல வருஷங்களுக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன்; வானம் தெளிவாக இருக்கும்போது பட்டை நீளவே நீளாது; சூரியனுக்கருகில் பிரகாசமான மேகம் இருந்தால்தான் நீளும். இது சுத்தப் பிசகு. நியூட்டன் பதில் எழுதவே மறுத்தார்; பிறகு எழுதினார். கிழவர் 1675 நவம்பரில் காலமானார்; சீடர் ஒருவர் குருவின் கட்சியை விடாமல் தொடர்ந்தார். கடைசியில் 1676 ஏப்ரலில் ராயல் சொசைட்டியின் முன்னிலையிலேயே சோதனையைச் செய்து பார்த்தார்கள். நியூட்டன் சொன்னபடியே வந்தது. கடிதம் அச்சாகி நான்கு வருஷம் கழித்து!

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷமே லீயெஜிலிருந்து மூன்றாவது ஆள் எழுதினார். பெயர் அந்தோனி லூக்காஸ். அங்கே மதசாஸ்திர ஆசிரியர். ஆரம்பத்தில் நான் சொன்னேனே, அந்த ஆசாமி இவர்தான். லூக்காஸ் சண்டைக்காரர்தான், வேறு பல சோதனைகளையும் அடுக்கி வாதம் செய்தார். ஆனால் முதல் விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டார். பட்டை நீளமாகத்தான் விழுகிறது, எங்கள் லைன் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு சின்ன விஷயத்தையும் எழுதினார். எத்தனை தடவை அளந்தாலும் நீளம், அகலத்தைப்போல் மூன்று அல்லது மூன்றரைப் பங்குதான் வருகிறது, ஐந்து வரவில்லை.

பக்கத்துப் பையனுடைய நோட்டில் ஐந்து என்று இருந்தது. பையனோ கேம்பிரிட்ஜ் பேராசிரியர். நானாக இருந்தால் ஐந்து என்றே எழுதிவிட்டுப் போயிருப்பேன். லூக்காஸ் மூன்றரை என்று எழுதினார்.

நியூட்டனுக்கு இதைக் கேட்கும் மனநிலை இல்லை. உம்முடைய கண்ணாடியின் கோணத்தைச் சரியாக அளந்து பாரும், நாள் தெளிவாக இருந்ததா என்று பாரும் என்றார். சோதனைகள் எத்தனை என்பது முக்கியமல்ல, அவற்றின் பலம்தான் முக்கியம். என்னுடைய இரட்டைக் கண்ணாடிச் சோதனை ஒன்றே போதும் என்றும் எழுதினார். வாதம் நியாயமானதுதான். ஆனால் மூன்றரை மூன்றரையாகவே இருந்தது. அந்த வருஷம் நவம்பரில் ஓல்டன்பர்க்குக்கு அவர் எழுதிய கடிதத்தில் மனம் நொந்துபோயிருக்கிறார். புதிதாக ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும், சொன்னால் அதைக் காப்பாற்றுவதற்கு அடிமையாக வேண்டும். இந்த லூக்காஸ் விவகாரம் தீர்ந்தால் என் சொந்தத் திருப்திக்குத் தவிர இந்தச் சாஸ்திரத்துக்கே ஒரு கும்பிடு என்பது அதன் சாரம். 1678-ல், லூக்காஸின் கடிதம் ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்ததும், அந்த மாதிரிக் கடிதம் எதையும் தயவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் தொடர்கதை ஒன்றில், மூன்றாம் பிறை நடுநிசியில் தென்னந்தோப்புக்கு மேலே நிற்பதாக ரொம்ப உருக்கமாக எழுதிவிட்டேன். கதாநாயகி இப்படிச் செய்யலாமா, அவள் தகப்பனாருக்குப் புத்தி இல்லையா என்று ஒரு கட்டுக் கடிதம் வந்து என்னைச் சலிப்படையச் செய்திருந்த நேரம். ஓர் அஞ்சலட்டையில் ஒருவர், மூன்றாம் பிறை அந்தி சாய்ந்து சிறிது நேரத்திலேயே மறைந்துவிடுமே ஐயா என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அதையும் அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டிப் பரண்மேல் போட்டேன். புத்தகம் வெளிவந்தபோதும் நிலா அங்கேயே நின்றது. ஒன்பது வீண் கடிதம் படித்தவனுக்குப் பத்தாவது கடிதம் நல்ல கடிதமாக இருக்கும் என்று தோன்றுவதே இல்லை.

லூக்காஸின் அளவில் தப்பு இருந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய கண்ணாடி வேறு ஜாதிக் கண்ணாடி என்றே பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். கண்ணாடி எல்லாம் ஒன்றல்ல. ஒரே கோணத்தில் வெட்டி, ஒரே அளவு ஒளியை வளைத்தாலும், ஒரு கண்ணாடி வர்ணங்களை அதிகமாக விரிக்கும்; இன்னொன்று குறைவாக விரிக்கும். ஈயம் கலந்த கண்ணாடி நிறைய விரிக்கும். அந்த ஈயக் கண்ணாடி லண்டனில் தலைகாட்டிய காலமும் இதுவேதான். ஜார்ஜ் ராவென்ஸ்கிராப்ட் என்பவர் 1674-ல் தம் புதுக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். மூன்றரை ஏன், ஐந்து ஏன் என்று நியூட்டன் அன்றைக்கு ஒரு வாரம் யோசித்திருந்தால், அதிகம் விரிக்கும் கண்ணாடியையும் குறைவாக விரிக்கும் கண்ணாடியையும் ஜோடி சேர்த்து, ஒன்றின் வர்ணத்தை மற்றொன்றால் கழித்துவிடலாம் என்று கண்டிருக்கக்கூடும். லென்ஸைத் திருத்தவே முடியாது என்ற அவருடைய தீர்ப்பு அங்கேயே விழுந்திருக்கும்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஹூக் 1703 மார்ச்சில் காலமானார். அந்த நவம்பரில் நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1704-ல் ஒளியைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வந்தது. சச்சரவில் மாட்டிக்கொள்ள விரும்பாமல்தான் இத்தனை நாள் வெளியிடவில்லை என்று முகவுரையில் அவரே சொல்லிவிட்டார். முதலில் ஐந்து வர்ணம் என்று சொன்னவர், இடையில் ஆரஞ்சையும் இண்டிகோவையும் சேர்த்து ஏழாக்கினார். காரணம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. சங்கீதத்தின் ஏழு ஸ்வர இடைவெளிகளோடு வர்ணப் பட்டையைப் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டார். வர்ணங்களின் எல்லைக் கோடுகளைப் போடுவதற்குத் தம்மைவிடக் கூர்மையான கண்ணுள்ள உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டார். ‘விப்ஜியார்’ என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அதில் நடுவே வரும் ‘இண்டிகோ’ நம் நாட்டு அவுரிச் சாயத்தின் பெயர். சாயம் இல்லை, சாயம் இல்லை என்று சாதித்தவருக்கு ஏழாவது வர்ணத்துக்குப் பெயர் வைக்கச் சாயத்தொட்டிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

புத்தகம் வந்த பிறகும் பிரான்ஸ் முழுதாக நம்பவில்லை. மரியோட் என்ற கெட்டிக்கார விஞ்ஞானி 1681-லேயே ஊதாவைத் தனியாகப் பிரித்து இரண்டாவது கண்ணாடியில் விட்டுப் பார்த்து, அதிலிருந்து சிவப்பும் மஞ்சளும் வந்ததாக எழுதியிருந்தார். வர்ணங்களை அவர் சுத்தமாகப் பிரிக்கவில்லை என்பதுதான் கோளாறு. இதைச் சரியாகச் செய்யும் முறையை டெசாகுலியே என்பவர் 1714-ஐ ஒட்டி லண்டனில் செய்து காட்டினார். பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. ஜெர்மன் மகாகவி கெதே, இரவல் வாங்கிய முப்பட்டைக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பதற்குமுன் அவசரமாக ஒருதரம் அதன் வழியே வெள்ளைச் சுவரைப் பார்த்தார். சுவர் வெள்ளையாகவே இருந்தது. ஓரங்களில் மட்டும் வர்ணம். நியூட்டன் சொன்னது பொய் என்று அந்த நிமிஷமே முடிவு செய்து, 1810-ல் பெரிய புத்தகமே போட்டார். அகன்ற சுவரில் அடுத்தடுத்த இடங்களின் வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி வெள்ளையாகிவிடுகின்றன. இது நியூட்டன் கணக்கில் ஏற்கெனவே அடங்கிய விஷயம். ஆனாலும் மனிதக் கண் வர்ணத்தை எப்படி உணர்கிறது என்பதைப் பற்றி கெதே எழுதிய பக்கங்கள் இன்றும் படிக்கத் தக்கவை.

லென்ஸுக்கு வருகிறேன். நியூட்டன் 1727-ல் இறந்தார். அவர் சொன்னதே வேதம் என்று ஆகிவிட்டதால் லென்ஸ் தொலைநோக்கியைத் திருத்தப் பார்ப்பவர்கள் அருகிப்போனார்கள். எஸ்ஸெக்ஸில் செஸ்டர் மூர் ஹால் என்று ஒரு வக்கீல் இருந்தார். நம் கண்ணுக்குள் பலவகைத் திரவங்கள் இருக்கின்றன, அதனால்தான் வர்ண விளிம்பு இல்லாமல் பார்க்கிறோம். கண் செய்வதைக் கண்ணாடி செய்யாதா என்று அவர் யோசித்தார். கண் உண்மையில் அப்படிச் செய்வதில்லை. தப்பான காரணத்தைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஈயம் கலந்த பிளிண்ட் கண்ணாடியில் ஒரு லென்ஸ், சாதாரணக் கிரௌன் கண்ணாடியில் ஒரு லென்ஸ். இரண்டையும் ஒட்டி வைத்தால் வர்ணம் போய்விடும். ரகசியம் வெளியே தெரியக் கூடாது என்று இரண்டு லென்ஸையும் இரண்டு வெவ்வேறு கடைக்காரர்களிடம் கடையக் கொடுத்தாராம். இரண்டு பேரும் வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே தொழிலாளியிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆசாமிக்கு என்று கண்டுகொண்ட பாஸ், சேர்த்து வைத்துப் பார்த்தான் என்று சொல்வார்கள்.

1733-ல் ஹாலிடம் அந்தத் தொலைநோக்கி இருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 25 வருஷம் கழித்து, பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜான் டாலண்ட் அதே மாதிரி லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கி, 1758-ல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் பெற்றார். பிறகு அவருடைய மகன், மற்ற கடைக்காரர்கள்மேல் வழக்குப் போட்டான். முதலில் செய்தவர் ஹால் அல்லவா என்று அவர்கள் வாதாடினார்கள். ஹால் முதலில் செய்தார் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் பலன், கண்டுபிடித்ததைப் பெட்டியில் பூட்டி வைத்தவருக்கு அல்ல, வெளியே கொண்டுவந்தவருக்குத்தான் என்று 1766-ல் தீர்ப்பு ஆயிற்று. ஹால் அப்போது உயிரோடுதான் இருந்தார். உரிமை கேட்டு அவர் கோர்ட்டுக்கு வரவில்லை.